கடைசிப் பாட்டுக்குத் தலை அலசணும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், முதுகுக்குத் தலையணை வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பியூட்டி பார்லரையும் ஒரு பாட்டுக் கோஷ்டியையும் பற்றிச் சொல்லப்போகிறேன். இதில் யாரும் சாகமாட்டார்கள். அழத் தொடங்குகிற ஒருவனும் பாதியிலேயே சிரித்துவிடுவான், அதற்கு நான் பொறுப்பு.

ஒரு தெருவில், செருப்புக் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவே மாடிப்படி ஏறினால் அந்தப் பார்லர். நாலு நாற்காலி, நாலு கண்ணாடி, பின்பக்கம் தலை அலச இரண்டு பேசின். அதை நடத்துகிறவளுக்கு ஊர் வைத்த பெயர் நிமிஷக்கா. யார் வந்தாலும் "ஒரே நிமிஷம், உட்காருங்க" என்பாள். அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு ஸ்வெட்டரைப் பின்னி முடித்துவிடலாம், கையும் வைத்து. அவளோடு வேலை பார்த்தது அவள் நாத்தனார், புருஷனுடைய தங்கை. முடி வெட்டுவதில் கெட்டிக்காரி. அண்ணியைக் குத்திக் காட்டுவதில் அதைவிடக் கெட்டிக்காரி.

நிமிஷக்காவின் கைக்கு நிறம் பிடிபடும். நரைத்த தலைக்கு எந்தச் சாயத்தில் எதைக் கலந்தால் பிறந்த நாளிலிருந்து வந்த முடி மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிடிபடாதது நேரம்தான். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. சுவர்க் கடிகாரம் நாற்காலிகளுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. தலைக்கு மேல் குனிந்து நிற்கிறவள் திரும்பி எங்கே பார்ப்பது? கண்ணாடிக்குள்தான் மணி பார்ப்பாள். கண்ணாடிக்குள் முள் இடம் வலம் மாறி நிற்கும். ஐந்து நிமிஷம் ஆகியிருந்தால் ஐம்பத்தைந்து ஆனதுபோலத் தெரியும், ஐம்பத்தைந்து ஆகியிருந்தால் "இப்பதானே பூசினோம்" என்று தோன்றும். இப்படித்தான் தபால் நிலையத்து அம்மாவின் தலை செம்பழுப்பைத் தாண்டிப் போய்க் கத்திரிக்காய் நிறத்தில் நின்றது.

கைபேசியில் மணி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்தாள். மணி அடித்தபோது இரண்டு பேர் கையுறையிலும் சாயம். தொட முடியவில்லை. அது பாட்டுக்கு அலறிக்கொண்டே இருக்க, நாலு நாற்காலிக்காரிகளும் காதைப் பொத்திக்கொண்டார்கள். காதோரத்துச் சாயமெல்லாம் எட்டு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, அந்த வாரம் முழுக்க ஊரில் நாலு பேர் கையைக் காட்டாமல் பேசினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரேடியோக்காரனின் பேச்சு பொறுக்காமல் நாத்தனார் கைபேசியில் ஒரு பாட்டுச் செயலியைப் போட்டாள். நீங்கள் ஒரு பாட்டைக் கேட்டால் போதும், பாசக்கார அத்தை பரிமாறுவது மாதிரி அதுவாகவே அடுத்ததைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருக்கும். போதும் என்றாலும் விடாது. அப்படி ஒரு நாள் யாருமே கேள்விப்படாத ஒரு கோஷ்டியின் ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. ஏழு பாட்டு. ஒருவன் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலப் பாடினான். பின்னால் டிரம்ஸ் மெதுவாக, படியிறங்குகிற மாதிரி. ஏழாவது பாட்டு ஒரு நீளமான விசிலோடு தொடங்கியது. விசில் வந்த நேரத்தில் நிமிஷக்கா தற்செயலாக ஒரு தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்படி ஒரு பதம்! உடனே அலசினாள். நிறம் வந்திருந்த அழகைப் பார்த்து அவளே ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். மறுநாளும் அதே பாட்டைப் போட்டு, விசிலுக்கு அலசினாள். அதே பதம். கணக்குப் பார்த்தால் முதல் ஆறு பாட்டும் சேர்ந்து சரியாக முப்பத்திரண்டு நிமிஷம்.

அன்றோடு அந்தச் செயலிக்குப் பாட்டுத் தேடும் வேலை போயிற்று.

"அண்ணி, இதுக்குள்ள கோடிப் பாட்டு கெடக்கு. வேற ஒண்ணு போடட்டுமா?"

"போடு. அதுக்கு முன்னாடி உன் தலையில சாயத்தைப் பூசிக்கோ. என்ன நிறம் வருதுன்னு பாக்கலாம்."

நாலாவது தலை பூசி முடிந்ததும் நாத்தனார் குனிந்து மூக்கு நுனியால் கைபேசியைத் தொடுவாள். கையில்தான் சாயமாயிற்றே. பாட்டு தொடங்கும். விசில் வந்ததும் நாலு பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையாகப் பின்பக்கம் போய் பேசினில் தலையைக் கொடுப்பார்கள். ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்லை. பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை விடாமல் எழுவாள், தூங்கிக்கொண்டிருந்தவள் தூக்கத்தை விடாமல் எழுவாள். ஒரு நாளைக்கு ஐந்து முறை, வாரத்தில் ஆறு நாள். வருஷம் ஒன்று ஓடியது. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால், கடிகாரத்தில் பெரிய முள் நல்லதா சின்ன முள் நல்லதா என்று கேட்டதுபோல நிமிஷக்கா முழித்திருப்பாள்.

வருஷக் கடைசியில் செயலி ஒரு சேதி அனுப்பியது. நாத்தனார் அதைப் படித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அண்ணி! இந்தக் கோஷ்டியோட பாட்டை உலகத்துலயே அதிகமாக் கேட்டது நீங்கதானாம்!"

"எந்த உலகத்துல?"

"இருக்கறது ஒண்ணுதான் அண்ணி."

அதற்குக் கீழே அந்தக் கோஷ்டியின் பாட்டுக்காரன் எழுதியிருந்தான். நன்றி, நன்றி என்று நாலு வரி. பிறகு, உங்கள் ஊரில் மட்டும் எங்கள் பாட்டு பதினோராயிரம் தடவை ஓடியிருக்கிறது, எங்களால் நம்பவே முடியவில்லை என்று நாலு வரி. நாத்தனாருக்கு அதைப் படிக்கப் பாவமாக இருந்தது. மரியாதைக்குப் பதில் போட்டாள்: "எங்க ஊருக்கு அவசியம் வாங்க. எல்லாரும் ஆவலாக் காத்துட்டிருக்கோம்."

மாடிப்படி இறங்குகிறவர்களிடம் தினமும் சொல்வதுதான் அது. 'அவசியம் வாங்க' என்று நாம் எத்தனை பேரிடம் சொல்கிறோம்! சொன்னவர்கள் எல்லாரும் வந்துவிட்டால் வீடு தாங்குமா?

மூன்றாம் நாள் அவனிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது. "வர்றோம்."

"என்னடி பண்ணி வெச்சிருக்கே?" என்றாள் நிமிஷக்கா.

"வாங்கன்னு சொன்னா வந்துடறதா? என்ன மனுஷங்க அண்ணி இவங்க?"

நிமிஷக்கா கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணி, 'தம்பி, விஷயம் என்னன்னா' என்று தட்டினாள். அதற்கு மேல் விரல் நகரவில்லை. அழித்தாள். மறுபடி தட்டினாள். அதற்குள் அவனே ஒரு நீளமான கடிதம் போட்டுவிட்டான். அதில் இப்படி இருந்தது:

"அக்கா, நாங்க மூணு பேர். நான், என் அக்கா, என் மாமா. இதுவரைக்கும் எங்க கச்சேரிக்கு வந்த பெரிய கூட்டம் ஒன்பது பேர். அதுல ரெண்டு பேர் கதவு மாறி வந்தவங்க. எங்கக்கா போன மாசமே 'போதும்டா, டிரம்ஸை மடிச்சுப் பரண்ல போடறேன்'னு சொல்லிட்டா. உங்க ஊர்க் கணக்கைக் காட்டினதாலதான் இந்த ஒரு தடவை வர ஒத்துக்கிட்டா. கேக்கறதுக்கு எங்கயோ ஒரு ஊரு இருக்குன்னு அவ கண்ணால பாத்துட்டா போதும்."

படித்ததிலிருந்து நிமிஷக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்பதற்கு ஒரு ஊர் இல்லையே! ஒரு கைபேசிதானே இருக்கிறது, அதுவும் மூக்குப் பட்டுப் பட்டுப் பிசுபிசுவென்று.

இருபது வருஷமாகக் கண்ணாடி முன்னால் நிற்கிறவள் அவள். துண்டை எடுத்ததும் நாற்காலியில் இருப்பவள் முகம் மலர்வதையும் பார்த்திருக்கிறாள், "நல்லாதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வாடுவதையும் பார்த்திருக்கிறாள். ஒரு முகம் வாடுவதைக் கண்ணாடியில் பார்ப்பது பொல்லாத காரியம், கண்ணுகளா. பக்கத்திலேயே நம் முகமும் தெரியும். அந்த மூன்று பேர் முகமும் வாடக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. அதற்காக என்ன புளுகு வேண்டுமானாலும் புளுகத் தயாராகிவிட்டாள்.

பார்லரில் யார் எந்தக் கிழமை வருவார்கள் என்று எழுதி வைக்கிற நோட்டு ஒன்று இருந்தது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள்.

"நம்ம பாட்டுக்காரங்க வர்றாங்க. நீங்க வரணும்."

"நம்ம பாட்டுக்காரங்களா? யாரு?"

"நீங்க சாயம் பூசி உக்காந்திருக்கும்போது பாடுவாங்களே, அவங்கதான். நீங்க அவங்க ரசிகை."

"நானா? எப்பலருந்து?"

"ஒரு வருஷமா."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா எங்கிட்ட!"

நாற்பத்துமூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை தவறாமல் தலையைக் கொடுக்கிறவர். அவர் ஒரு வார்த்தை சொன்னதும் பழைய பள்ளிக்கூடத்தின் பெரிய ஹால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே திறந்து கிடைத்தது, கச்சேரி சாயந்தரம் நாலு மணிக்கு. மூன்று மணிக்கே எல்லாரையும் வரச் சொல்லி, மேடை முன்னால் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார்.

"பாட்டு முடிஞ்சா கை தட்டணும். நடுவுல தலையை ஆட்டணும். எல்லாரும் ஒரே பக்கமா ஆட்டக்கூடாது, ஒத்திகை பாத்த மாதிரி தெரியும். முக்கியமான விஷயம், தலைக்கு டை அடிக்கிறோம்ங்கற பேச்சே யார் வாயிலயும் வரக்கூடாது."

"ஏன் டீச்சர், எனக்கு இயற்கையாவே கறுப்புதானே" என்றார் பூட்டுக் கடைக்காரரின் மாமியார்.

ஹாலே சிரித்தது. "சிரிக்காதே!" என்று தலைமையாசிரியை அதட்டியதும் நாற்பத்துமூன்று பேரும் வாயில் விரலை வைத்துக்கொண்டார்கள்.

மூன்றரைக்கு வேன் வந்தது. முதலில் இறங்கியவன் பாட்டுக்காரன், கொடிக்கம்பம் மாதிரி உயரம், அதில் பாதி அகலம்கூட இல்லை. அடுத்து அவன் அக்கா, குள்ளமாக, உருண்டு திரண்ட கைகளோடு, எதையும் நம்பாத முகத்தோடு. கடைசியில் அவள் புருஷன், கீபோர்டைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு. விசில் அடிக்கிறவரும் அவர்தான். மூன்று பேரும் விடிகாலையில் புறப்பட்டு நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்து வந்ததில் நடையே ஒரு மாதிரி இருந்தது.

பாட்டுக்காரன் கதவருகில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். நாற்பத்துமூன்று தலையும் மின்னின. ஒரு நரை கிடையாது.

"அக்கா, பாரு! ஒன்பது இல்ல!"

"எண்ணிட்டேன்" என்றாள் அவன் அக்கா. அவள் நிமிஷக்காவிடம் திரும்பி, "எல்லாரும் பொம்பளைங்களாவே இருக்காங்களே, ஆம்பளைங்க கேக்கறதில்லையா?" என்றாள்.

"அவங்க தலையில..." என்று நாத்தனார் தொடங்கினாள். தலைமையாசிரியை பார்த்த பார்வையில் மீதி வார்த்தை உள்ளேயே செத்தது. "அவங்களுக்கு இன்னிக்கு வேலை" என்று நிமிஷக்கா முடித்து வைத்தாள்.

"மத்தவங்க?" என்றான் பாட்டுக்காரன்.

"எந்த மத்தவங்க தம்பி?"

"பதினோராயிரம்..."

"வருவாங்க. ஒரே நிமிஷம்."

அவன் அதையும் நம்பினான். பாவம், வெள்ளை மனசு. மேடையேறி வயர்களையெல்லாம் சொருகி முடித்ததும், மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். அவனுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. இவ்வளவு அன்பாக வந்திருக்கிற ஜனத்துக்கு நல்லதை எதற்குக் கடைசிவரை பொத்தி வைக்க வேண்டும்?

"எங்களோட ஏழாவது பாட்டு உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னு நினைக்கறேன். அதையே முதல்ல பாடறோம்."

நிமிஷக்காவுக்கு ஏதோ ஒன்று நினைவுக்கு வரப் பார்த்தது. என்னவென்று அவள் கண்டுபிடிப்பதற்குள் மாமா உதட்டைக் குவித்தார். நீளமாக, இழைத்து இழைத்து, அந்த விசில் ஹால் முழுக்கப் போயிற்று.

நாற்பத்துமூன்று பேரும் எழுந்தார்கள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கைக்குட்டை வைத்திருந்தவர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டார்கள், இல்லாதவர்கள் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். முன்வரிசையிலிருந்த தலைமையாசிரியை முதலில் திரும்ப, மற்றவர்கள் அவர் பின்னால் வரிசையாக, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹாலின் கோடிக்கு நடந்தார்கள். அங்கே குடிதண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. இயற்கையாகவே கறுப்பு என்று சொன்ன மாமியார் அதன் கீழே தலையைக் கூடக் கொடுத்துவிட்டார். நாத்தனார் கையில் இல்லாத கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு, வரிசையை முந்திக்கொண்டு ஓடினாள்.

விசில் நடுவில் அறுந்தது.

"போயிட்டாங்க மாமா" என்றான் பாட்டுக்காரன். மைக்கில்தான் சொன்னான், ஹால் முழுக்கக் கேட்டது. "பாடறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. இதுவரைக்கும் ஒரு வரியாவது பாட விடுவாங்க."

அவன் அக்கா டிரம்ஸ் பக்கம் திரும்பினாள். ஒரு குச்சியைக் கீழே வைத்தாள். பிறகு இன்னொன்றையும் அதன் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். "சரி. வண்டியில ஏத்தலாம்."

பின்கோடியில் நாற்பத்துமூன்று பேருக்கும் அப்போதுதான் புத்தி தெளிந்தது. என்ன செய்துவிட்டோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மரமாக நின்றார்கள். நிமிஷக்கா மட்டும் மேடையைப் பார்த்தாள். கண்ணாடி எதுவும் இல்லாமலே அவளுக்கு மூன்று முகமும் தன் முகமும் சேர்ந்து தெரிந்தது. புளுகெல்லாம் தீர்ந்துபோயிற்று. அவள் மேடையேறினாள்.

"தம்பி, அவங்க எழுந்து போகல. தலை அலசப் போறாங்க."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அந்த வாக்கியத்தை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"நான் பார்லர் வெச்சிருக்கேன். தலைக்குச் சாயம் பூசினா முப்பத்திரண்டு நிமிஷம் ஊறணும். எனக்கு மணி பாக்கத் தெரியாது, அதாவது தெரியும், கண்ணாடியில தெரியாது. உங்க ஆறு பாட்டும் முப்பத்திரண்டு நிமிஷம். ஏழாவது பாட்டுல விசில் வந்தா அலசிடுவோம். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை ஏழு பாட்டும் ஓடும். பதினோராயிரமும் அதுதான். ஊரெல்லாம் இல்ல தம்பி. என் ஒரே ஒரு போன்தான்."

அவ்வளவு நேரம் வாயைத் திறக்காத மாமா சட்டென்று மச்சினன் பக்கம் திரும்பினார். "அந்தக் கணக்குல பக்கத்துக் கட்டத்துல 'கேட்டவர்கள்: ஒன்று'ன்னு போட்டிருந்துச்சு. நான் சொன்னேனா இல்லையா?"

"ஒரே ஆளு பதினோராயிரம் தடவை கேப்பாங்கன்னு யாரு மாமா நம்புவா? ஆப் தப்பாக் காட்டுதுன்னு நினைச்சேன்!"

"தப்பாக் காட்டல மாப்ள."

பாட்டுக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப யாருமே கேக்கல. மணி பாத்திருக்கீங்க."

அது உண்மைதானே. நிமிஷக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அப்போது பின்கோடியிலிருந்து தபால் நிலையத்து அம்மா குரல் கொடுத்தார். "கேக்கலைன்னு யாரு சொன்னா? நான் வந்ததுலருந்து ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். மூணாவது பாட்டுல ஒரு நாய் குரைக்குமே, அதைக் கூட்டிட்டு வரலையா?"

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "நாயா?"

"ஆமா, ரெண்டு தடவை குரைக்கும்."

"ரெண்டரை" என்று திருத்தினார் தலைமையாசிரியை. "மூணாவது முழுசா வராது. யாரோ வாயைப் பொத்திடுவாங்க."

"நான்தான் பொத்தினேன்" என்றாள் அக்கா, மெதுவாக. "நான் வேலை பாக்கற மிருக ஆஸ்பத்திரியோட பின்ரூம்லதான் ரெக்கார்ட் பண்ணோம். கால்ல கட்டுப் போட்ட நாய் ஒண்ணு. யார் காதுக்கும் எட்டாதுன்னு நினைச்சேன்."

"ஏன் எட்டாது? எங்க காது என்ன கழட்டி வெச்சிருக்கோமா? பூசினது தலைக்குத்தானே!" என்றார் மாமியார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். நாலாவது பாட்டில் தம்பிக்கு மூக்கடைப்பு இருந்ததா இல்லையா என்று குழாய்ப் பக்கம் ஒரு சண்டை. மிளகும் வெந்நீரும் குடித்திருக்கலாம் என்று ஒருத்தி. ரெண்டாவது பாட்டை அவசரமாகப் பாடி முடிக்கிறார்கள், யாருக்காவது பஸ் பிடிக்க வேண்டியிருந்ததா என்று இன்னொருத்தி. மளிகைக் கடைக்காரரின் மனைவி, நாலு பேரைத் தள்ளிக்கொண்டு மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"அஞ்சாவதுல டிரம்ஸ் ஒரு அடி விட்டுப்போகும், இல்லம்மா?"

அக்காவின் முகம் சிவந்தது. "அது எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும்."

"எனக்கும் தெரியும். அந்த இடம் வந்தா ஒவ்வொரு தடவையும் 'பரவால்லம்மா விடு'ன்னு மனசுக்குள்ள சொல்லுவேன். எனக்கும் வீட்ல அப்படித்தான் எல்லாம் ஒண்ணு விட்டுப்போகுது."

நிமிஷக்கா குனிந்த தலையோடு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். கேட்கக் கேட்க அவள் வாயிலிருந்து அவளை அறியாமலே வந்தது. "ஆறாவது பாட்டுக்கு முன்னாடி யாரோ நாற்காலியை நகத்துவாங்க. கிர்ருன்னு ஒரு சத்தம். அது வந்தா எனக்குக் கால்வலி கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும். ஏன்னு தெரியாது."

"அது நான்" என்றார் மாமா. "இடுப்பு வலி."

அவர் சொன்ன விதத்தில் பாட்டுக்காரனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்ணில் நின்ற தண்ணீரோடு சிரித்தான். அவன் சிரித்ததும் ஹால் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கீழே வைத்த குச்சிகளை எடுத்தாள், உட்கார்ந்தாள், நாற்பத்துமூன்று பேரையும் ஒரு முறை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தாள்.

"எல்லாரும் போய் உக்காருங்க. ஒண்ணாவதுலருந்து வரிசையாப் பாடறோம்."

பாடினார்கள். யாரும் ஒத்திகை பார்த்தபடி தலையை ஆட்டவில்லை. மறந்துபோயிற்று. மூன்றாவது பாட்டில் நாய் வர வேண்டிய இடம் நெருங்க நெருங்க ஹாலில் ஒரு தவிப்பு. நாய்தான் வரவில்லையே. அந்த இடம் வெறுமையாகப் போவதை யாராலும் பொறுக்க முடியவில்லை. தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வவ்!" என்றார். அடுத்ததை நாற்பத்துமூன்று பேரும் சேர்ந்து "வவ்!" என்றார்கள். மூன்றாவதைப் பாதியிலேயே தங்கள் வாயைத் தாங்களே பொத்தி நிறுத்தினார்கள். ஹாலுக்கு வெளியே இருந்த காவல்காரர் கம்பை எடுத்துக்கொண்டு "எங்க, எங்க?" என்று ஓடிவந்தார். அவரையும் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

ஐந்தாவது பாட்டில் அந்த ஒரு அடியை அக்கா வேண்டுமென்றே விட்டாள். "பரவால்லம்மா விடு!" என்று ஹாலே சொன்னது. அக்காவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பில் இன்னொரு அடியும் விட்டுப்போயிற்று.

ஏழாவதுக்கு விசில் வந்தது. எல்லாருடைய முழங்காலும் துடித்தது. நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பாதி எழுந்தே விட்டார்கள், பக்கத்திலிருந்தவர்கள் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். அந்தப் பாட்டை அவர்கள் இத்தனை நாளும் தலையைக் குழாய்க்கடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் இரைச்சலோடுதான் கேட்டிருந்தார்கள். முடிந்ததும், இறுகப் பிடித்த நாற்காலியை ஒவ்வொருத்தராக விட்டார்கள். பிறகு தபால் நிலையத்து அம்மா சொன்னார்:

"தண்ணி இல்லாமலும் நல்லாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு எல்லாரும் கை தட்டியதன் அதிர்வில் காவல்காரரின் கம்பு கீழே உருண்டது.

சாமான்களை வேனில் ஏற்றும்போது பாட்டுக்காரன் நிமிஷக்காவிடம் வந்தான். "அக்கா, டிரம்ஸ் பரணுக்குப் போகல. வீட்டுக்குப் போனதும் புதுசா ஆறேழு பாட்டு போடணும்னு எங்கக்கா இப்பவே ஆரம்பிச்சுட்டா. உங்களுக்கு எத்தனை நிமிஷம் வேணும், சொல்லுங்க. முப்பத்திரண்டே வெச்சுக்கலாமா? முடி நேராக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

நிமிஷக்கா அவன் தோளை எட்டித் தொட்டாள். எட்டவில்லை, முழங்கையைத்தான் தொட்டாள். "உங்களுக்கு எவ்வளவு நேரம் பாடத் தோணுதோ பாடுங்க, தம்பி. நேரத்தை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டாள், செய்ய வேண்டாமா? அடுத்த வாரமே சிக்கல். பார்லரில் விசில் வந்தது, நாலு பேரும் அசையவில்லை. "எழுந்திரிங்க" என்றால், "இரும்மா, இது முடியட்டும்" என்று தலைமையாசிரியை விரலை உயர்த்தினார். முடிந்ததும் "முதல்லருந்து ஒரு தடவை" என்றார் மளிகைக் கடைக்காரரின் மனைவி. அன்றைக்கு நாலு தலையும் அண்டங்காக்கை நிறத்தில் படியிறங்கின. ஒருத்தியும் குறை சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. இப்போதெல்லாம் நேரம் பார்க்கிற வேலை நாத்தனாருடையது. ஒரு ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு, "முப்பத்தி ஒண்ணு! ரெடியா இருங்க! முப்பத்தி ரெண்டு! யாராவது எழுந்திரிங்களேன்!" என்று கத்துகிறாள். பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நிமிஷக்கா கையில் சாயத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். யாராவது கூப்பிட்டால், "ஒரே நிமிஷம்" என்கிறாள்.

கேட்டுக்கொண்டிருந்த என் கண்ணுகளா, உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாய்விட்டுப் பாடட்டும், தப்பாகப் பாடினாலும் "பரவால்ல விடு" என்று சொல்ல ஆள் இருக்கட்டும். நரைத்தவர்கள் நரையோடும், பூசியவர்கள் பூச்சோடும், பல்லாண்டு பல்லாண்டு ஒரே கூரையின் கீழ் நன்றாக இருங்கள்.